படமாளிகையில் வியாபாரிக்கு என்ன வேலை?

படமாளிகைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப் போகிறேன் என்றதும் சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. யாரையும் படம் பார்க்கப் போகச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வாடிக்கையாளர் மூன்று இடங்களை எடைபோட்டு, அவற்றில் விலை கூடிய இடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, நமது நாட்டின் படமாளிகைகளை விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி துணிக்கடைக்காரருக்கும் உரியது, ஹோட்டல்காரருக்கும் உரியது, ஹார்ட்வெயார் கடைக்காரருக்கும் உரியது.

இந்த யோசனை எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெருநாள் லீவு முடிந்து கடை திறந்த அன்று, என்னிடம் பல வருடங்களாக வேலை செய்யும் ஒரு தம்பியிடம் லீவு எப்படிப் போனது என்று விசாரித்தேன். மனைவி பிள்ளைகளோடு கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் உள்ள படமாளிகைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும். அந்த இடத்தின் டிக்கட் விலையும் ஓரளவு தெரியும். "பக்கத்திலேயே பாதி விலைக்கும் குறைவாக வேறு இடம் இருக்கிறதே, ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டேன்.

"முதலாளி, வருசத்துல ரெண்டு பெருநாளைக்கும்தான் புள்ளைகளக் கூட்டிட்டுப் போற. அங்க போயும் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் குடுக்கவா?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு விளக்கமாகச் சொன்னார். "போன முறை மலிவான இடத்துக்குத்தான் போனம். கரண்ட் போயிட்டுது. வேர்வையில சின்னவ அழத் தொடங்கிட்டா. பொம்பளைகள் போற பாத்ரூம்ல தண்ணி இல்ல. பாதியிலயே வெளிய வந்தம். காசும் போச்சு, பெருநாளும் போச்சு."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். நாம் வியாபாரிகள் 'விலை' என்று சொல்லும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டுமே நினைக்கிறோம். வாங்குபவர் வேறொரு கணக்குப் பார்க்கிறார். வெயில், நாற்றம், காத்திருப்பு, மனைவியின் சங்கடம், பிள்ளையின் அழுகை எல்லாவற்றையும் அவர் விலையோடு சேர்த்தே கூட்டுகிறார். அந்தக் கூட்டுத்தொகையில் மலிவான இடம் சில வேளை மலிவாக இருப்பதில்லை.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்

நமது நாட்டில் படமாளிகை ஒரு காலத்தில் கொழுத்த வியாபாரம். 1928 இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். பின்னர் சினிமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் ஆகியவையும் சேர்ந்து, மூன்று கம்பனிகள் படங்களை இறக்குமதி செய்வதிலும் விநியோகிப்பதிலும் கோலோச்சின. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்த பின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது.

இடையில் நடந்தவை பல. 1979 இல் தொலைக்காட்சி வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. திறந்த பொருளாதாரத்தோடு வீடியோ டெக்குகளும் வீடுகளுக்குள் வந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் பல படமாளிகைகள் தீக்கிரையாயின. 1965 இல் கொம்பனித்தெருவில் பெருமையோடு திறக்கப்பட்ட ரியோவும் அவற்றில் ஒன்று. பிறகு நீண்ட யுத்தம். இரவுக் காட்சிக்குக் குடும்பத்தோடு போகும் பழக்கமே பல ஊர்களில் அற்றுப்போனது.

எனினும் தொலைக்காட்சியையும் யுத்தத்தையும் மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அதே தொலைக்காட்சி இருந்த நாட்டில்தான் பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டியின் மாடியில் படம் பார்க்கச் சனம் வந்தது. 2018 இல் திறக்கப்பட்ட கொழும்பு சிட்டி சென்டரில் ஸ்கோப் நிறுவனம் பல திரைகளோடு அரங்கம் அமைத்தது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட வன் கோல் பேஸ் கடைத்தொகுதியில் இந்தியாவின் பிவிஆர் நிறுவனம் 9 திரைகளோடு இறங்கியது. அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வெளியே கால் வைத்தது அதுவே முதல் முறை. கண்டியில் சிட்டி சென்டரிலும், யாழ்ப்பாணத்தில் 2013 இல் திறக்கப்பட்ட கார்கில்ஸ் சதுக்கத்திலும் இதே முறை வந்தது. ஆக, படமாளிகைக்குப் போகும் ஆசை சாகவில்லை. ஒரு வகையான படமாளிகைதான் தேய்ந்தது.

மூன்று வகை

இன்று நம் கண் முன்னால் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பழைய ஒற்றை மண்டபம். ஒரே திரை, நானூறு ஐந்நூறு முதல் ஆயிரம் வரையான ஆசனங்கள், உயரமான கூரை, வெளியே பெரிய கட்அவுட். இரண்டாவது, பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதுப்பித்தவை. வெள்ளவத்தை சவோய், கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி ஆகியவை இதற்கு உதாரணம். மூன்றாவது, கடைத்தொகுதிக்குள் இருக்கும் பல்திரை அரங்கம். இந்த மூன்றையும் வாடிக்கையாளர் எப்படி ஒப்பிடுகிறார் என்று பார்ப்போம்.

முதலில் சொகுசு

சொகுசு என்றதும் மெத்தை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று மணித்தியாலம் ஒரே இடத்தில் இருக்கும் மனிதனுக்கு முக்கியமானது முழங்கால் முன் ஆசனத்தில் இடிக்காமல் இருப்பது. பழைய மண்டபங்களில் ஆட்களை அதிகம் அடைப்பதற்காக வரிசைகளை நெருக்கிப் போட்டார்கள். அந்தக் காலத்தில் அது சரியான கணக்கு, ஏனென்றால் ஹவுஸ்புல் ஆனது. இன்று பாதி ஆசனம் வெறுமையாகக் கிடக்கும்போதும் வந்தவர் நெருக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது. புதுப்பித்த இடங்களில் செய்த முதல் வேலையே வரிசைகளைக் குறைத்து இடைவெளியைக் கூட்டியதுதான்.

அடுத்தது தரையின் சரிவு. பழைய மண்டபத்தில் தரை மெதுவாகச் சரியும். முன்னால் உயரமான ஒருவர் இருந்தால் பின்னால் இருக்கும் பிள்ளைக்குத் திரை தெரியாது. புதிய அரங்குகளில் ஒவ்வொரு வரிசையும் படிக்கட்டுப் போல் உயர்ந்து போவதால் இந்தப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது குளிர். இங்கே பழைய மண்டபத்தின் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. உயரக் கூரையும் அறுநூறு ஆசனமும் உள்ள மண்டபத்தைக் குளிரூட்ட, உள்ளே அறுபது பேர் இருந்தாலும் ஏறத்தாழ அதே மின்சாரம்தான் செலவாகும். மின்சாரக் கட்டணம் ஏறும்போது முதலாளி ஏசியைப் பிந்திப் போட்டு முந்தி நிறுத்துகிறார். வந்தவர் வேர்க்கிறார், அடுத்த முறை வருவதில்லை. வருமானம் மேலும் குறைய, ஏசி மேலும் குறைகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட வியாபாரம் மீள்வது கடினம்.

நான்காவது படமும் ஒலியும். முன்பு 35 மில்லிமீற்றர் படச்சுருளில் படம் வந்தது. ஒரு ரீல் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். பிரதிகள் சிலவே என்பதால் கொழும்பில் ஓடி முடிந்து, கீறல் விழுந்து, அறுந்து ஒட்டிய பின்னரே சிற்றூருக்கு வந்து சேரும். 2010 களில் டிஜிட்டல் முறை பரவியபோது எல்லா ஊரிலும் ஒரே நாளில் ஒரே தரத்தில் படம் காட்ட முடிந்தது. ஆனால் புதிய புரொஜெக்டரின் விலை பெரிது. அதை வாங்க முடியாத ஊர்ப்புறப் படமாளிகைகளுக்குப் புதுப்படம் கிடைப்பது அரிதானது. கதவுகள் மூடின. கருவியை மாற்ற வேண்டிய வருடத்தில் மாற்றுவதற்குக் கையிருப்பு வைக்காத எந்தத் தொழிலுக்கும் இதே கதிதான்.

வசதிகள்

வசதி என்ற பட்டியலில் நான் முதலில் எழுதுவது பெண்களின் கழிவறை. ஆண் முதலாளிகளுக்கு இது சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் ஒரு குடும்பம் எங்கே போவது என்று வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் தாய்தான். சிறு பிள்ளையோடு போகும் தாய் முதலில் யோசிப்பது இதைத்தான். கடைத்தொகுதி அரங்குகள் வென்ற இடங்களில் இது முக்கியமானது.

இரண்டாவது டிக்கட் எடுக்கும் முறை. பழைய காலத்தில் கம்பிக் கூண்டுக்குள் கையை நீட்டி, இடிபட்டு, சில வேளை பிளெக்கில் இரட்டிப்பு விலை கொடுத்து டிக்கட் எடுத்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது கைத்தொலைபேசியில் ஆசனத்தைப் பார்த்துத் தெரிவுசெய்து, காசு கட்டிவிட்டுப் போகலாம். டிக்கட் இல்லாமல் திரும்பி வரும் பயம் இல்லை. நான்கு பேரும் ஒன்றாக இருப்போமா என்ற கவலையும் இல்லை.

மூன்றாவது வாகனத் தரிப்பிடம். நான்காவது மின்பிறப்பாக்கி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். டீசலுக்கும் வரிசை. அந்தக் காலத்தில் தாக்குப்பிடிப்பது யாருக்கும் இலகுவாக இருக்கவில்லை. ஐந்தாவது அவசர வழி. இருட்டிய மண்டபத்தில் வெளியேறும் கதவு எங்கே, அது பூட்டியிருக்கிறதா, வெளிச்சப் பலகை எரிகிறதா என்று பார்ப்பவர் குறைவு. நாம் பார்க்கப் பழக வேண்டும். நமது கடைகளிலும்தான்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். ஒற்றை மண்டபத்தில் 10.30, 2.30, 6.30 என்று காட்சிகள் குறிக்கப்பட்டிருந்தன. 6.30 காட்சி மஃரிபை நெருக்கும். பல திரைகள் உள்ள இடத்தில் ஒரே படம் வெவ்வேறு நேரங்களில் தொடங்குவதால் அவரவர் வசதிக்கு ஏற்ற நேரத்தைத் தெரிவுசெய்யலாம். வாடிக்கையாளரின் நேரத்துக்கு நாம் வளைவதா, நமது நேரத்துக்கு அவரை வளைப்பதா என்ற கேள்வி இங்கே இருக்கிறது.

விலை: குடும்பத்தின் கணக்கு

இப்போது விலைக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக நான் போடும் எண்கள் இவை. இடத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும்.

தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். பழைய மண்டபத்தில் ஒரு டிக்கட் 600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கும் 2,400. முச்சக்கர வண்டி போக வர 1,600. இடைவேளையில் கடலை, வடை, சோடா 800. மொத்தம் 4,800 ரூபா.

கடைத்தொகுதி அரங்கில் ஒரு டிக்கட் 1,400 என்று வைப்போம். நான்கு பேருக்கும் 5,600. வண்டிக்கு அதே 1,600. உள்ளே சோளப்பொரியும் குளிர்பானமும் வாங்கினால் 3,000. மொத்தம் 10,200 ரூபா. வித்தியாசம் 5,400.

இந்த 5,400 இல் டிக்கட்டின் பங்கு 3,200. மீதி 2,200 ரூபா சோளப்பொரியின் பங்கு. செலவைச் சுருக்க விரும்பும் குடும்பம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். வெளியே சாப்பிட்டுவிட்டுப் போனால் பெரும் பகுதி மிச்சம். சில இடங்களில் வார நாட்களிலும், சில வங்கிக் கடனட்டைகளுக்கும் கழிவு கிடைக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை. ஆனால் கழிவுக்காகக் கடனட்டையில் கடன்பட்டு வட்டியில் விழுவது நமக்குப் பொருந்தாது. அது இலாபமும் இல்லை.

நமது தம்பி இந்தக் கணக்கைத் தெரியாமல் போகவில்லை. "மூணு தரம் மலிவாப் போறத்துக்கு, ஒரு தரம் நல்லாப் போறம் முதலாளி" என்றார். இந்த ஒரு வசனத்தை நான் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 2022 க்குப் பிறகு நமது மக்களின் கையில் காசு குறைந்தது. ஆனால் குறைந்த காசு எப்போதும் மலிவான பொருளைத்தான் தேடும் என்று நாம் போட்ட கணக்குத் தவறு. பலர் வாங்கும் தடவைகளைக் குறைத்தார்கள். வாங்கும் அந்த ஒரு தடவை ஏமாறக் கூடாது என்பதில் இன்னும் கவனமானார்கள்.

முதலாளியின் கணக்கு

மறுபக்கத்தையும் பார்ப்போம். படமாளிகை முதலாளி டிக்கட்டில் வரும் காசு முழுவதையும் பெட்டியில் போட முடியாது. உள்ளூராட்சி சபைக்குக் கேளிக்கை வரி. படத்தைத் தந்த விநியோகஸ்தருக்குப் பங்கு. அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கணக்குக்காகப் பாதி மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம்.

அறுநூறு ஆசன மண்டபத்துக்கு 60 பேர் வந்தால் வசூல் 36,000 ரூபா. மிஞ்சுவது 18,000. கென்டீனைப் பல இடங்களில் வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருப்பார்கள். எனவே அங்கே எவ்வளவு விற்றாலும் மண்டபத்துக்கு வருவது குத்தகைப் பணம் மட்டுமே.

கடைத்தொகுதியில் 120 ஆசன அரங்குக்கு அதே 60 பேர் வந்தால் வசூல் 84,000. மிஞ்சுவது 42,000. ஒருவர் 750 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 45,000. விநியோகஸ்தருக்கு இதில் பங்கில்லை. சோளம் பொரிந்தால் பல மடங்கு பருத்துவிடும். பொருட்செலவு மூன்றில் ஒன்று என்று வைத்தாலும் 30,000 மிஞ்சும். ஆக, அதே அறுபது பேரிடமிருந்து ஒருவருக்கு 18,000, மற்றவருக்கு 72,000. கடைத்தொகுதிக்காரருக்கு வாடகையும் சம்பளமும் மின்சாரமும் பெரிது என்பதால் இதெல்லாம் இலாபமில்லை. ஆனாலும் மூச்சு விட இடம் இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. படத்துக்குக் கூட்டம் குறைந்தால் பல்திரைக்காரர் அதைச் சிறிய அரங்குக்கு மாற்றிவிட்டு, பெரிய அரங்கில் புதிய படத்தைப் போடுகிறார். ஒற்றை மண்டபக்காரருக்கு அந்த வசதி இல்லை. படம் ஓடாவிட்டால் ஒரு கிழமை முழுவதும் கதிரைகளுக்குத்தான் படம் காட்ட வேண்டும். ஒரே சரக்கில் முழுப் பணத்தையும் போட்ட கடைக்காரரின் நிலைமையும் இதுதானே?

இழந்ததும் உண்டு

புதியதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போக என் மனம் இடம் தரவில்லை. பழைய மண்டபத்தில் கலரி, செகண்ட், பர்ஸ்ட், பல்கனி, பொக்ஸ் என்று வகுப்புகள் இருந்தன. மூட்டை தூக்குபவர் கலரியில் இருந்தார், அவருடைய முதலாளி பல்கனியில் இருந்தார். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வாடிக்கையாளர்கள். இன்று நாட்கூலிக்காரருக்கு அந்தக் கடைத்தொகுதியின் கதவு திறந்திருந்தாலும் திறக்காததுபோல்தான். மலிவான இடத்தைச் சுத்தமாகவும் வைத்திருக்கலாம் என்று நிரூபிக்க நமது நாட்டில் போதியளவு ஆட்கள் முன்வரவில்லை. அந்த வாடிக்கையாளர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு இழப்பு நம்மவர்களைச் சேர்ந்தது. மருதானை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு போன்ற இடங்களில் படமாளிகைகளை ஒட்டி எத்தனை முஸ்லிம் ஹோட்டல்கள், தேநீர்க் கடைகள், பீடாக் கடைகள் பிழைத்தன! இரண்டாம் காட்சி விடும் நேரத்துக்குக் கொத்துத் தகட்டின் ஓசை தெருமுனை வரை கேட்கும். என் வாப்பாவின் நண்பர் ஒருவர் அப்படியொரு படமாளிகைக்கு எதிரே ஹோட்டல் வைத்திருந்தார். அந்தப் படமாளிகை மூடிய இரண்டாவது வருடம் அவரும் கடையை மூடினார். அவருடைய சாப்பாட்டில் குறையில்லை, விலையிலும் குறையில்லை. வாடிக்கையாளர்களை எதிர்ப் பக்கத்துக் கட்டடம் அழைத்துவந்தது என்பதை அவர் மூடிய பிறகுதான் உணர்ந்தார். நமது கடைக்கு ஆட்களைக் கொண்டுவருவது நாமா, பஸ் தரிப்பிடமா, பாடசாலையா, வைத்தியசாலையா என்று ஒவ்வொருவரும் ஒரு முறை உட்கார்ந்து யோசிப்பது நல்லது. அது இடம்மாறினால் நமது நிலை என்ன?

நமது கடைக்கு வருவோம்

இதையெல்லாம் எழுதுமுன் என் கடையையே ஒரு வாடிக்கையாளராக நின்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் பெருநாள் சீசனில் ஒரு குடும்பம் வந்தது. இரண்டு தலைமுறையாக எங்களிடம் துணி வாங்கும் குடும்பம். வயதான உம்மா ஒருவர், மகள், மருமகள், பிள்ளைகள். பாதித் துணி தெரிவுசெய்த நிலையில் அந்த உம்மா என்னைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "மகன், பாத்ரூம் இரிக்கா?" என்று கேட்டார். பின்னால் பையன்கள் பாவிக்கும் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணை அனுப்பக் கூடிய நிலையில் அது இல்லை. "இல்லை உம்மா" என்று சொன்னேன். அவர்கள் தெரிவுசெய்ததை வைத்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அவர்கள் இப்போது பெரிய கடைத்தொகுதியில் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே எங்களை விட விலை கூட என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டது "காசு கூடிப் போச்சு, அதுதான் அங்க போறாங்க" என்பது. இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். நான் அந்த உம்மாவிடம் ஒரு விலை அறவிட்டேன், அது பில்லில் இல்லை. பழைய படமாளிகை முதலாளி செய்ததைத்தான் நானும் செய்தேன். மலிவு என்று பலகை போட்டுவிட்டு, மிச்சத்தை வாடிக்கையாளரின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு கழிவறையைத் திருத்தி, உள்ளே பூட்டுப் போட்டு, தண்ணீரும் வெளிச்சமும் வைத்தேன். நான்கு கதிரை வாங்கிப் போட்டேன். துணி பார்ப்பதற்கு ஒரு மூலையில் நல்ல வெளிச்சம் வைத்தேன். விலைச் சீட்டு எல்லாப் பொருளிலும் ஒட்டினேன். மொத்தச் செலவு, நான் அந்த சீசனுக்கு ரேடியோ விளம்பரத்துக்குக் கொடுத்ததை விடக் குறைவு. அல்ஹம்துலில்லாஹ், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் இப்போது அவசரப்படாமல் பார்க்கிறார்கள். அவசரப்படாதவர் கூடுதலாக வாங்குகிறார் என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கண்ணாடி பதித்து, ஏசி பூட்டி, வங்கியில் கடன் எடுத்துக் கடையைக் கடைத்தொகுதி போல் ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்து விழுந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பெரிய அரங்குகளுக்குப் பின்னால் பெரிய மூலதனம் இருக்கிறது. 2020 இல் கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், திறந்த பின் குறைக்கப்பட்ட ஆசனங்களோடு ஓட்டியதையும் அவர்களால் தாங்க முடிந்தது. நம்மால் முடியுமா?

நாம் எடுக்க வேண்டியது செலவில்லாத, அல்லது குறைந்த செலவான பகுதியைத்தான். சுத்தத்துக்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. சொன்ன நேரத்துக்குத் திறப்பதற்குக் காசு தேவையில்லை. வரிசையைக் குறைப்பதற்கும், கதிரை போடுவதற்கும், வட்ஸ்அப்பில் சரக்கின் படத்தை அனுப்பி "இருக்கிறது, வாங்க" என்று சொல்வதற்கும் பெரிய முதல் தேவையில்லை. சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று மேடையில் பேசும் நாம், கடையின் பின்கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலை

ஜும்ஆவுக்காகக் கடை அடைக்கும் நேரத்தில், கடைசியாக வெளியேறுபவர் நீங்களாக இருங்கள். வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. வயதான ஒருவர் வந்தால் உட்கார இடம் உண்டா?

2. ஒரு பெண் கழிவறை கேட்டால் தயங்காமல் காட்ட முடியுமா?

3. ஏசி அல்லது மின்விசிறி முதலாளியின் தலைக்கு மேல் மட்டும் இருக்கிறதா, வாங்குபவரின் தலைக்கு மேலும் இருக்கிறதா?

4. கேட்காமலே விலை தெரிகிறதா? கேட்டால் எல்லோருக்கும் ஒரே விலையா?

5. மின்சாரம் போனால் இருட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

6. தீ என்றால் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா, அல்லது சரக்கு அடுக்கி மறைத்திருக்கிறோமா?

7. வந்து, நிறுத்தி, வாங்கி, திரும்பிப் போக அவருக்கு ஆகும் நேரமும் செலவும் என்ன?

இந்த ஏழுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் மனைவியிடமோ மகளிடமோ அதே கேள்விகளைக் கொடுத்து, அவர் எழுதுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் உங்களை விட்டுப் போன வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தம்பி அடுத்த பெருநாளைக்கு எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த உம்மாவின் குடும்பத்துக்கு, கடையில் செய்த மாற்றங்களைச் சொல்லி ஒரு முறை தகவல் அனுப்பியிருக்கிறேன். வருவார்களா என்பது அல்லாஹ்வின் நாட்டம். வந்தால் உட்காரக் கதிரை இருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் கடன் கொடுத்த காசைக் கசப்பில்லாமல் திருப்பி வாங்குவது பற்றிப் பேசுவோம்.